மொதலாளிக்குச் சம்பளமா?

கம்பெனிக் காரியதரிசிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு பேர் போன மாதம் என் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம், பழைய ஆள் என்று நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். பேச்சுவாக்கில் ஒருவர், "டைரக்டர் சம்பளத்துக்குப் பங்குதாரர் சம்மதம் வாங்கறதுக்குள்ள இப்பல்லாம் உயிர் போகுது சார். சட்டம் அப்படி இறுகிப்போச்சு. உங்க காலத்துல சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சுலபமாவது! அந்த ஒரு தீர்மானம் தோற்றதால் ஒரு மனுஷர் தான் உண்டாக்கிய கம்பெனியையும் பிறந்த ஊரையும் விட்டுப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டு, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வேலூர்ப் பக்கத்து ஆள். மெட்ரிகுலேஷன் முடித்தேன். சேலத்தில் டைப்பும் சுருக்கெழுத்தும் கணக்கும் படித்தேன். ஒரு வக்கீலிடம் சம்பளமில்லாமல் கொஞ்சகாலம் குப்பை கொட்டினேன், கம்பெனிச் சட்டம் அங்கே ஒட்டிக்கொண்டது. படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தருமபுரியில் ஒரு பஸ் கம்பெனிக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கினேன். அப்போது அது தனி ஜில்லா இல்லை, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா.

கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் என் மாமியார், "தருமபுரியா? மலைக்காய்ச்சல் ஊராச்சே, என் பெண்ணை அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். முதலில் மழை போகட்டும் என்றாள், பிறகு பனி போகட்டும் என்றாள். பனி போனால் திரும்ப மழைதானே வரும்! என் சம்சாரம் வேலூரிலும் நான் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையிலுமாக எங்கள் வயசு ஓடியது. காலையில் கண் விழித்தால் டிரைவர்கள் இஞ்சினைச் சுற்றி முடுக்குகிற சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை பேச ஆள் வேண்டுமென்றால் மொதலாளி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மொதலாளி என்று ஊரே கூப்பிட்ட தீர்த்தகிரி ஐயாதான் கம்பெனியை ஆரம்பித்தவர். நல்ல புஞ்சைக்காரர். பென்னாகரம் போகவும், பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போகவும் ஜனங்கள் வண்டி மாட்டை நம்பிக் கிடந்த காலத்தில், ஊர் ஊராகப் போய்ப் பேசி, ஆளுக்கு ஒன்றும் இரண்டுமாகப் பங்கு விற்று, தன் நிலத்தில் ஒரு பகுதியையும் விற்றுப் போட்டு பஸ் வாங்கினார். பங்குதாரர்கள் முக்கால்வாசிப் பேர் சோளமும் கேழ்வரகும் போடுகிற குடியானவர்கள். வத்தல்மலையிலிருந்துகூட இறங்கிவந்து பங்கு வாங்கினவர்கள் உண்டு.

பங்கு என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இண்டூர் மாதையன் என்று ஒருவர். முறுக்கு மீசை, வாயெல்லாம் வெற்றிலை, நல்ல மனசு. அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டு டிக்கட் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "என் பஸ்ஸுக்கு நானே டிக்கட் வாங்கறதா? என் மாட்டு வண்டியில ஏறறதுக்கு மாட்டுக்கா காசு குடுக்கறேன்?" என்கிறார். கண்டக்டர் ஓடிவந்து மொதலாளியிடம் சொன்னான். மொதலாளி எழுந்து வந்தார். பஸ்ஸில் ஏறி மாதையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசெடுத்து, "இண்டூருக்கு ஒண்ணு குடுப்பா" என்று தனக்கு ஒரு டிக்கட் வாங்கினார். வாங்கி மாதையன் பார்க்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். மாதையன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் காசை எடுத்தார். அதற்குப் பிறகு மொதலாளிக்காக உயிரைக் கொடுக்கிற ஆள்களில் அவர்தான் முதல் ஆள்.

மொதலாளி தன் பஸ்ஸில் டிக்கட் இல்லாமல் ஒரு நாளும் ஏறியதில்லை. நான் சேர்ந்த புதிதில், இது என்ன நாடகம் என்று நினைத்தேன். நாடகமில்லை, அவர் சுபாவமே அது. எதையும் அதன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார், எதையும் அதன் வழியில்தான் செய்வார். கடிதாசில் நான் "தங்கள் சமூகத்திற்கு" என்று ஆரம்பித்தால், "அவன் சமூகத்த எனக்குத் தெரியாது, பேர எழுதுப்பா" என்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று அர்த்தம். அவருக்கும் வீட்டில் பேச ஆள் கிடையாது. சம்சாரம் ரொம்ப நாள் முன்னாடியே போய்விட்டார், ஒரே மகள் மைசூர்ச் சீமையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து கூடை வரும், எனக்கும் சேர்த்து. மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் சாப்பிடுவோம். பஸ், டயர், ரோடு என்று பேசுவோம். வேலூரில் என் சம்சாரம் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை, அவர் மகளைப் பற்றி நானும் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். ஒரு புளி மண்டியை ஒருநாளைக்குக் கேட்டு வாங்கி, மூட்டைகளை ஓரம் தள்ளிச் சாக்கு விரித்து நடத்துவோம். புளிப்பு வாடையில் உள்ளே நுழையும்போதே எச்சில் ஊறும். முதல் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். நான் கணக்கு அறிக்கையை வாசித்து, "சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். அதே நேரத்தில் மொதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். உடனே மண்டி முழுக்க அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எதிர்க்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் திரும்பவும் கும்பிட்டார்கள்! ஒரே ஆள்கள் சம்மதித்தும் இருக்கிறார்கள், எதிர்த்தும் இருக்கிறார்கள். நான் என்னத்தை எழுத?

மொதலாளி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு முறை வைத்தார். ஓட்டு எடுக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்வார், ஜனங்களைப் பார்க்கவே மாட்டார், மேலே கூரையைப் பார்ப்பார். கும்பிடத் தோன்றாமல் இருப்பதற்காக. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்து எண்ணுவேன். யாராவது இரண்டு கையைத் தூக்கினால், "ஒரு கை போதுங்க" என்று சொல்லவேண்டியது என் வேலை.

டைரக்டர்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து போவதற்கு ஒரு சின்னப் படி கொடுக்கலாம் என்று எங்கள் கம்பெனி விதியில் இருந்தது. பொதுக்கூட்டம் சம்மதிக்கவேண்டும். ஒரு வருஷம் அதை வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "உக்காந்ததுக்குக் கூலின்னா நாங்களுந்தான் காத்தாலேருந்து உக்காந்திருக்கறோம்" என்றார். மண்டியே சிரித்தது, மொதலாளியும் சிரித்தார். "அவரு சொல்றது நாயந்தான், அத அடிச்சுடு" என்று அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் கம்பெனியில் டைரக்டர்கள் யாரும் சல்லிக்காசு வாங்கியதில்லை. மொதலாளியும் தன் பங்குக்கு வருகிற லாபத்தையும் மிச்சமிருந்த புஞ்சையையும் வைத்துத்தான் காலம் தள்ளினார்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் டைரக்டர்களுக்கு நாற்காலி, ஜனங்களுக்குச் சாக்கு. காரியதரிசிக்கு ஓரத்தில் ஒரு முக்காலி. டைரக்டர்களுக்குச் சின்ன டம்ளரில் காபி வரும், ஜனங்களுக்கு மோர் வரும். காபிக்காரன் நான் மோர்ப் பக்கம் என்று நினைப்பான், மோர்க்காரன் நான் காபிப் பக்கம் என்று நினைப்பான். அத்தனை வருஷத்தில் பொதுக்கூட்டத்தன்று எனக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைத்ததில்லை. இதை நகைச்சுவை என்று எழுதவில்லை. அந்த வேலையே அப்படித்தான், யார் பக்கத்து ஆளும் இல்லை.

யுத்தம் வந்தது. ஓசூருக்குப் போய்க்கொண்டிருந்த குட்டி ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜனங்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு வந்தார்கள், பஸ்ஸுக்குப் பெட்ரோல் வரவில்லை. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு கொப்பரையை மாட்டிக் கரியைப் போட்டு ஓட்டினோம். மேட்டில் ஏறாது, ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். லாபம் நின்றுபோனது. முதல் வருஷம் மொதலாளி சமாளித்தார். அடுத்த வருஷம் மிச்சப் புஞ்சையையும் விற்று, கம்பெனிக்கு ஒரு இஞ்சின் வாங்கிப் போட்டார். மத்தியானக் கூடையில் முதலில் மோர் நின்றது, பிறகு பொரியல் நின்றது. கடைசியில் கூடையே நின்றது. "வயிறு செரியில்ல தம்பி, நீ ஓட்டல்ல சாப்பிட்டுக்க" என்றார். எனக்கு உடனே புரியவில்லை. ஒருநாள் அவர் மேஜை இழுப்பறையில் பொட்டுக்கடலை இருந்ததைப் பார்த்தபோது புரிந்தது. நான் ஓட்டலிலிருந்து இரண்டு பேருக்கு வாங்கி வந்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மறுபடி நான் அப்படிச் செய்யவில்லை.

பெங்களூரில் ஒரு லாரிக் கம்பெனிக்காரர் அவரை மானேஜராக வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தக் கடிதாசை என் முன்னால் வைத்தார்.

"தம்பி, ரெண்டு வழி இருக்குது. இங்க எனக்கு ஒரு சம்பளம்னு இருந்தா இருந்துக்குவேன். இல்லாட்டி அங்க போவணும். வேற கதி கெடையாது" என்றார்.

"நீங்க போனா கம்பெனி ஏதுங்க?"

"கம்பெனி இருக்கும். பஸ்ஸு, ரோடு எல்லாம் இருக்கும். எனக்குத்தான் இந்த ஊரு இருக்காது" என்றார்.  அவரிடம் நான் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

நிர்வாக டைரக்டருக்கு மாதச் சம்பளம் கொடுக்கப் பொதுக்கூட்டம் சம்மதிக்கவேண்டும். தொகை பெரிதில்லை, ஒரு மூத்த டிரைவர் வாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இந்தத் தீர்மானம் ஜெயித்தால் அவர் இருப்பார், தோற்றால் போவார். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். "எனக்குப் பணமுடையா இருக்குதுன்னு உன் வாயிலேருந்து ஒரு வார்த்த வரக்கூடாது. பெங்களூர்ப் பேச்சும் வரக்கூடாது. பயமுறுத்தி ஓட்டு வாங்குன மாதிரி ஆயிடும்" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்தோம். நான் நாசூக்காக 'சன்மானம்' என்று எழுதினேன்.

"சன்மானம் கல்யாணத்துல நாயனக்காரருக்குக் குடுக்கறது. நான் என்ன நாயனமா ஊதறேன்?"

'ஊதியம்' என்று மாற்றினேன்.

"இதுவும் ஊதற சமாச்சாரமாவே இருக்குதே!" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். "செய்யற வேலைக்கு மாசாமாசம் குடுக்கறதுக்கு நம்ம பக்கம் என்னா பேரு?"

"சம்பளங்க."

"அதையே எழுது. அவங்க குடியானவங்க. பூசி மெழுவுனா, என்னமோ சூதுன்னு நெனைப்பாங்க."

நியாயமாகத்தான் பட்டது. எழுதினேன்.

கூட்டத்தன்று மண்டி நிரம்பியிருந்தது. கணக்கெல்லாம் முடிந்து அவர் சம்பள விஷயம் வந்ததும் மொதலாளி எழுந்தார். "இது என் விசயம். நான் எதுருல உக்காந்திருந்தா ஆரு வாயத் தொறப்பீங்க? வெளிய இருக்கறேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். தலைமைக்கு இன்னொரு டைரக்டரான வக்கீலை உட்காரவைத்தார். வக்கீல் சட்டம் தெரிந்த நல்ல மனுஷர். ஆனால் குடியானவர்களிடம் பேசத் தெரியாது, கோர்ட்டில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். நான் தீர்மானத்தை வாசித்தேன்.  பிறகு இண்டூர் மாதையன் எழுந்தார்.

"செக்ரட்டரிங்களே, இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"மொதலாளிக்குச் சம்பளமா?"

"ஆமாங்க."

"ஆரு குடுக்கறது?"

"கம்பெனிங்க."

"கம்பெனின்னா ஆரு?"

"கம்பெனி என்றால் சட்டப்படி நீங்கள்தான். நீங்கள்தான் உண்மையான முதலாளிகள். அவர் உங்களுக்காக வேலை பார்க்கிறவர்" என்றார் வக்கீல்.

போச்சு! அங்கேதான் குடி கெட்டது. வக்கீல் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. ஆனால் அந்த மண்டியில் யாரும் சொல்லக்கூடாத பேச்சு அது. எங்கள் பக்கத்தில் பண்ணையில் வருஷச் சம்பளத்துக்கு நிற்கிறவனைத்தான் சம்பளக்காரன் என்பார்கள். அவன் மாட்டுக்கொட்டாயில் படுப்பான், ஏன் என்று கேட்காமல் சொன்னதைச் செய்வான்.

மாதையன் முகம் கறுத்துவிட்டது. "என்னாங்க பேசறீங்க? அவரு எங்களுக்கு ஆளா? நாங்க அவருக்குக் கூலி அளக்கறதா? என் மருமவ தல பிரசவத்துல துடிச்சப்போ அவரே பஸ்ஸ ஓட்டிக்கினு வந்து ஆஸ்பத்திரியில சேத்தவரு. அவர நான் சம்பளத்துக்கு வெச்சுக்கிட்டேன்னு சொன்னா என் ஆத்தா எனக்குச் சோறு போடுவாளா?"

"அதானே!" என்று நாலாபக்கமும் சத்தம்.

வத்தல்மலைக்காரர் ஒருவர் எழுந்து வக்கீலை நோக்கிக் கை நீட்டினார். "அதுக்குத்தான் அவர வெளிய அனுப்பிட்டீங்களா? அவரு கூட்டத்துலேருந்து அவரயே வெளிய நிக்கவெக்கறீங்களா?"

நான் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "அவரா போனாருங்க. முறை அப்படிங்க. இது அவருக்கு அவமானம் இல்லீங்க, அவர் கேட்டுத்தான்..." என்று சொல்லி, வாயை மூடிக்கொண்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"அவரு கேட்டாரா? அவரு எதுக்குக் கேக்கறாரு? அவருக்கென்னா கொறச்சல்?" என்றார் மாதையன். "செக்ரட்டரி, நீங்க வெளியூரு. உங்களுக்குத் தெரியாது. கம்முனு இருங்க."

அந்த ஊரில் அத்தனை காலம் இருந்த பிறகும் நான் வெளியூர். மண்டி முழுக்கத் தெரிந்த முகங்கள், எல்லாருடைய பங்குப் பத்திரத்திலும் என் எழுத்து இருக்கிறது. இருந்தும் அன்றைக்கு அங்கே எனக்கென்று ஒரு ஆள் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வக்கீல் ஓட்டுக்கு விட்டார். சம்மதிக்கிறவர்கள் என்றதும் டவுன்காரர்கள் நாலைந்து பேர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார்கள். எதிர்க்கிறவர்கள் என்றதும் மண்டியே கையைத் தூக்கியது. ஆளுக்கு இரண்டு கை. ஒரு கை போதும் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொல்லியும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வக்கீல் குனிந்து என் காதில், "ஓடு. சீட்டு ஓட்டுக் கேட்கச் சொல்" என்றார். கை தூக்குவதில் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் சட்டப்படி யாராவது கேட்டால் சீட்டில் எழுதி, பங்குக்கு ஒரு ஓட்டு என்று எண்ணவேண்டும். பங்கில் பாதிக்குக் கிட்ட மொதலாளி பேரிலேயே இருந்தது. அவரும் நாலு டவுன்காரர்களும் எழுதிப்போட்டால் தீர்மானம் ஜெயித்துவிடும்.

வெளியே ஒரு கரி பஸ் நின்றிருந்தது. அதன் படியில் மொதலாளி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"தோத்துடுச்சுங்க."

"எத்தன பேரு?"

"எல்லாருமேங்க."

திரும்பப் படியில் உட்கார்ந்தார். "என்னா சொன்னாங்க? வுடாம சொல்லு."

சொன்னேன். மாதையன் சொன்னதைச் சொன்னேன், மருமகள் கதையைச் சொன்னேன், மலைக்காரர் வக்கீலைத் திட்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இம்மா மருவாதய நான் எங்க தம்பி வெச்சுக்கறது?" என்றார்.

"ஐயா, சீட்டு ஓட்டுக் கேளுங்க. உங்க பங்கே போதும்."

"என் கையாலயே எனக்குச் சோறு போட்டுக்கறதா? அவ்வளவு பேரும் வேணாம்னு சொன்னப்புறம்?"

"சட்டம் இருக்குதுங்க."

"சட்டம் இருக்குது. அதுக்கப்புறம் அந்த பஸ்ஸுல நான் எப்பிடி ஏறுவேன்?"

"அப்ப உள்ள வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'எனக்கு வேணும்'னு சொல்லுங்க. அத்தனை கையும் மாறிடும்." கெஞ்சினேன். அவர் காலைப் பிடிக்காத குறை. எனக்காகத்தான் கெஞ்சினேன் என்று இப்போது தோன்றுகிறது. இவரும் போய்விட்டால் அந்த மேஜைக்கு எதிரே யார் உட்காருவார்?

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "அது வாயில வரல தம்பி" என்றார்.

இரண்டு பேரும் உள்ளே போனோம். ஜனங்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரே ஆரவாரம். மாதையன் ஓடிவந்து, "உங்க மானத்தக் காப்பாத்திட்டோமுங்க. நாங்க இருக்கற வரைக்கும் உங்கள ஒருத்தன் சம்பளக்காரன்னு சொல்லிடுவானா!" என்றார். வெற்றிலைச் சிவப்பு வாயெல்லாம் சிரிப்பு. மொதலாளி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். மண்டியே திருப்பிக் கும்பிட்டது. தீர்மானம் தோற்றது என்று நான் மினிட் எழுதினேன். எதிர்த்துப் பேசியவர்கள் பேரையும் எழுதினேன், அவர்கள் மேல் கோபப்படக்கூட முடியவில்லையே!

மொதலாளி பெங்களூருக்குப் போனார். மகள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார். மாதையன் மொரப்பூர் வரைக்கும் வந்து, ஒரு சாக்கு சோளத்தை ரயிலில் ஏற்றிவிட்டு அழுதார். ரயில் போனபிறகு மாதையன் இண்டூர் போனார், டிரைவர் ஷெட்டுக்குப் போனான். நான் அறைக்கு வந்தேன். அடுத்தநாள் மத்தியானம் பழக்கதோஷத்தில் மேஜையில் அவர் பக்கத்தையும் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.  அந்த மழைக்காலத்தில் எனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. வேலூருக்கு எழுதவில்லை. எழுதினால் "நான் சொன்னேனே" என்று மாமியார் பதில் போடுவாள்.

டைரக்டர்கள் கோயமுத்தூரிலிருந்து ஒருவரை நிர்வாகத்துக்கு அழைத்துவந்தார்கள். கெட்டிக்காரர்தான். அவர் தன் சம்பளத்தைத் தானே கேட்டார், கூச்சமில்லாமல் கேட்டார். மொதலாளிக்கு எழுதியதைப்போல் மூன்று பங்கு. அடுத்த பொதுக்கூட்டம் அதே புளி மண்டியில் நடந்தது. நான் தீர்மானத்தை வாசித்தேன். அதே வார்த்தை, 'சம்பளம்'. வக்கீல் இந்தத் தடவை ஒன்றும் விளக்கவில்லை, பாவம். சம்மதிக்கிறவர்கள் என்றார். மண்டி முழுக்கக் கை. ஒற்றைக் கையாக, ஒழுங்காக. எதிர்க்கிறவர்கள் என்றார். ஒருவரும் இல்லை.

 கூட்டம் கலைந்ததும் மாதையனை மடக்கினேன். "ஏனுங்க, போன வருஷம் அப்படிக் குதிச்சீங்களே. இந்தாளுக்கு மட்டும் எப்படிக் கை தூக்கினீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கேட்கவே தேவையில்லாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் போல. "அவரு பொழைக்க வந்த ஆளுங்க. சம்பளம் குடுக்காட்டி சோத்துக்கு என்னா பண்ணுவாரு?" என்றார்.

கொஞ்ச நாளில் பெங்களூர் போகிற சந்தர்ப்பம் வந்தது. டயர் வாங்குகிற சாக்கு. லாரி ஷெட்டைக் கண்டுபிடித்துப் போனேன். மொதலாளி தகரக் கூரைக்குக் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்து டிரைவர்களுக்குக் கன்னடத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வா தம்பி வா" என்று பக்கத்து ஓட்டலுக்கு அழைத்துப் போய் இலை போடச் சொன்னார். ரொம்ப காலத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊர் விஷயம் எல்லாம் கேட்டார். கூட்டம் எப்படி நடந்தது என்றார். புது ஆளின் சம்பளம் ஒரு கைகூடக் குறையாமல் நிறைவேறியதைச் சொன்னேன்.

"மாதையன்?"

"அவரும்தான்."

"கேட்டியா, ஏன்னு?"

கேட்டிருக்கவே கூடாது, சொல்லியிருக்கவும் கூடாது. ஆனால் அவரிடம் மழுப்பிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மாதையன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"இன்னொருக்கா சொல்லு."

"'அவரு பொழைக்க வந்த ஆளுங்க. சம்பளம் குடுக்காட்டி சோத்துக்கு என்னா பண்ணுவாரு?'"

அவர் தலையை ஆட்டினார். மாதையன் எதிரில் உட்கார்ந்து கேட்பதுபோல, நிதானமாக, சாந்தமாக ஆட்டினார்.

"எனக்கும் அதே கதிதானப்பா இருந்துச்சு" என்றார்.

அந்த மண்டிக்குள் வராத வார்த்தை, இரைச்சலான ஒரு பெங்களூர் ஓட்டலில், ஓட்டுரிமை இல்லாத என்னிடம் வந்தது.  அவர் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். ஷெட்டில் மணி அடித்தது. இரண்டு பேருக்கும் காசு கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.